ஆறட்டும் என்று சொன்னவர்

ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் அவரை எல்லோரும் 'ஆறட்டும்' என்றுதான் கூப்பிடுவார்கள். நேரில் 'ஆறட்டும் அண்ணே', முதுகுக்குப் பின்னால் வெறும் 'ஆறட்டும்'. முப்பத்தோரு வருடமாகப் பாய்லர் அறை அவர் பொறுப்பு. மேலே நாலு மாடியிலிருந்தும் அழுக்கு விரிப்புகள் மலைமலையாய் வந்து இறங்க, அவற்றைத் துவைக்க வெந்நீரும் தேய்க்க நீராவியும் அனுப்புகிற அந்த இரும்பு ராட்சசனைக் கட்டி மேய்த்தவர் அவர்தான்.

யார் எதைக் கொண்டுவந்தாலும் அவரிடமிருந்து முதலில் வருவது அந்தச் சொல்தான். வால்வு கசிகிறது என்றால், ஆறட்டும், பார்க்கலாம். சூப்பர்வைசர் தாம்தூம் என்று குதித்தால், மனுஷன் ஆறட்டும், அப்புறம் பேசிக்கலாம். டீயைக்கூட மூடிவைத்து, ஆடை படர்ந்த பிறகுதான் குடிப்பார். அண்ணன் பிறந்தபோது அழுவதற்கே அரை மணி நேரம் எடுத்துக்கொண்டிருப்பார் என்று இஸ்திரி மெஷின் பெண்கள் கேலி பேசுவார்கள். அவருக்குக் கோபம் வராது. வந்தாலும் அதையும் ஆறவைத்துவிடுவார்.

அந்தச் சொல் சும்மா ஒட்டிக்கொண்டதில்லை. வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம், பாய்லரை உள்ளே சுத்தம் செய்கிற நாள். நெருப்பை அணைத்து ஒரு பகலும் ஓர் இரவும் விட்டு, முழுதாக ஆறிய பிறகுதான் மூடியைத் திறக்க வேண்டும். கூட இருந்தவர் அவசரக்காரர். மதியமே திறந்துவிட்டார். உள்ளே அடங்கிக் கிடந்த ஆவி அவர் கையை முழங்கை வரை வேகவைத்துவிட்டது. அவரைத் தோளில் போட்டுக்கொண்டு மாடிப்படி ஏறி ஓடியது நம் ஆள்தான். அன்றிலிருந்து சூடாக இருக்கும் எதையும் அவர் தொடுவதில்லை. பதறாத காரியம் சிதறாது என்பது அவருக்குப் பழமொழி இல்லை, கண்ணால் பார்த்த சங்கதி.

அந்தச் சொல் பாய்லர் அறையோடு நின்றிருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. அவர் அதை வீட்டுக்கும் கொண்டுவந்தார்.

வீட்டில் இருந்த மனைவியோ நேர் எதிர். பஸ் நிலையத்துக்கு எதிரே இருந்த நூடுல்ஸ் கடையில் அடுப்படி அவளுடையது. பஸ்ஸைப் பிடிக்கப் பறந்துகொண்டு வருகிறவர்களிடம் "பத்து நிமிஷம் உட்காருங்க" என்பாள். அந்தப் பத்து நிமிஷத்துக்குள் தட்டு வந்து, அவர்கள் தின்று, கையும் கழுவியிருப்பார்கள். கடையில் அவள் பெயரே 'பத்து நிமிஷம்' ஆகிவிட்டது. ஆறட்டுமும் பத்து நிமிஷமும் ஒரே கூரையின் கீழ் எப்படித்தான் காலம் தள்ளுகிறார்களோ என்று தெருவே வியந்தது. அவர்களுக்கும் அது வியப்புத்தான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் வீட்டிலேயே அந்த நூடுல்ஸைச் செய்வாள். மெல்லிசாக அரிந்த மாட்டிறைச்சி, சோயா சாஸ், இஞ்சி, பூண்டு, கையில் கிடைத்த காய். இரும்பு வாணலி புகைய ஆரம்பித்ததும் வீடே சரசரவென்று பேச ஆரம்பிக்கும். தட்டில் போட்டுக்கொண்டே குரல் கொடுப்பாள், வாங்க, இது காத்திருக்காது என்று. அவர் பேப்பரை மடிக்காமலே ஆறட்டும் என்பார். பிறகு குளிக்கப் போவார். தலை துவட்டுவார். வந்து உட்காரும்போது நூடுல்ஸ் ஒன்றோடொன்று கட்டிப் பிடித்துக்கொண்டு கிடக்கும். "ஆறின கஞ்சி பழங்கஞ்சி. ஆறின நூடுல்ஸ் மூட்டை கட்டற சணல்," என்பாள் அவள். "இருபத்தாறு வருஷமா சணலைத் தின்னுட்டு நல்லா இருக்குன்னு சொல்ற ஒரே ஆள் நீங்கதான்."

சிரித்துக்கொண்டுதான் சொல்வாள். சிரிப்புக்குள் என்ன இருந்தது என்று அவர் பார்த்ததில்லை.

அவள் போய் இப்போது பதினோரு மாதம். அடுப்பின் முன் நின்றபடியே, கையில் கரண்டியோடு சரிந்தவள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து சேர்ப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அவள் மேல் போர்த்திய வெள்ளை விரிப்பு அன்று காலை அவருடைய நீராவியில் தேய்த்து மடித்ததாகத்தான் இருக்கும்.

போன வியாழக்கிழமை மகள் போன் செய்தாள். ஒரே மகள். தொலைவில் ஒரு பெரிய கம்பெனியின் கேன்டீனில் சமையல்காரி. வேறு நாட்டில் வேலை கிடைத்திருக்கிறது, அடுத்த வாரம் புறப்படுகிறாள், எப்போது திரும்புவாள் என்று தெரியாது. ஞாயிற்றுக்கிழமை இரண்டு பஸ்ஸுக்கு நடுவே ஒன்றரை மணி நேரம் இருக்கிறது. அம்மாவுடைய வாணலி வேண்டும். வந்து வாங்கிக்கொண்டு போகட்டுமா என்று கேட்டாள். கேட்ட விதம், கடையில் ரிப்பேருக்குக் கொடுத்த சாமானைக் கேட்பது போல இருந்தது.

அவர் வாயிலிருந்து அவரையும் மீறி வந்தது: "சாப்பிட்டுட்டுப் போம்மா. நானே செய்யறேன். பத்து நிமிஷம்தான் ஆகும்."

பஸ்ஸுக்கு நேரமாகிவிடக் கூடாது என்றாள். பிறகு, சரி என்றாள்.

போனை வைத்ததும் அவருக்குப் பயம் பிடித்தது. சமையலை நினைத்து இல்லை. அவளிடம் சொல்ல வேண்டியது ஒன்று நாலு வருடமாக அவர் தொண்டையில் கிடந்தது. இந்த ஞாயிற்றுக்கிழமை விட்டால் அதைச் சொல்ல இடமே இல்லை. சொன்னால் இருக்கிற ஒரே மகளும் போய்விடுவாள். சொல்லாவிட்டால் செத்துப்போனவள் கெட்ட பெயரோடு கிடப்பாள்.

நடந்தது இதுதான். நாலு வருடத்துக்கு முன், இதே போல ஒரு ஞாயிறு மதியம். சலவைக்கூடத்து அலுவலகத்தில் அப்பா பிடித்துவைத்திருந்த நாற்காலி வேலை வேண்டாம், வெளியூரில் சமையல்காரியாகப் போகிறேன் என்று மகள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றாள். தாய்க்குத் தலைக்கு ஏறிவிட்டது. தன் இரண்டு கைகளையும் நீட்டிக் காட்டினாள். எண்ணெய் தெறித்த தழும்பு மேல் தழும்பு. இதைப் பார்த்துமா அடுப்பைக் கட்டிக்கிட்டு அழப்போறே என்றாள். உன்கிட்ட கத்துக்கிட்டதைத்தானே செய்யப் போறேன் என்றாள் மகள். வார்த்தை வளர்ந்தது. கடைசியில், இந்த வாசலைத் தாண்டினா திரும்பி வராதே என்று தாய் சொல்லிவிட்டாள். எந்தத் தாயும் சொல்கிறதுதான். எந்தத் தாயும் அடுத்த நிமிஷமே விழுங்கிக்கொள்கிறதுதான்.

மகள் தாண்டினாள். தெருக்கோடியை நோக்கி அவள் முதுகு நகர்ந்தது. அடுப்பில் வாணலி சீறிக்கொண்டிருந்தது. தாய் அடுப்பை அணைத்தாள். வாசலுக்கு ஓடினாள். வலது காலில் செருப்பை மாட்டிவிட்டாள். இடது கால் அடுத்த செருப்பைத் தேடிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் அவர் அவள் தோளைத் தொட்டுச் சொன்னார்: "ஆறட்டும். ரெண்டு பேரும் சூட்டுல இருக்கீங்க. இப்பப் போனா இன்னும் நாலு வார்த்தை கூடும்."

இருபத்தேழு வருட அனுபவம் பேசியது. அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். இந்த வீட்டில் நிதானம் உள்ளவர் அவர் என்பது அவள் எண்ணம். செருப்பைக் கழற்றி மறுபடி அதன் இடத்தில் வைத்தாள்.

அந்த வாரம் நாலைந்து தடவை போனை எடுத்து எண்ணை அழுத்தினாள். இன்னும் ஆறியிருக்காது என்று அவர் மென்மையாக வாங்கி வைத்துவிட்டார். ஒரு மாதம் கழித்து, இப்ப ஆறியிருக்குமா என்று கேட்டாள். அவளே கூப்பிடட்டும் என்றார். மகள் கூப்பிட்டாள், அப்பாவின் போனுக்கு. மாதம் ஒருமுறை, மழையா வெயிலா என்கிற அளவில். அவர் பேசும்போது பக்கத்தில் நின்று அவள் காதைத் தீட்டிக்கொண்டு கேட்பாள். அம்மா எப்படி இருக்கா என்று மகள் கேட்காத நாளில் அவள் முகம் சுருங்கும். ஏன் கேட்கவில்லை என்றால், அம்மா பேச மாட்டாள் என்று மகள் நினைத்துக்கொண்டிருந்தாள். இரண்டு பேரும் ஒரு போனுக்கு இரண்டு பக்கம் காத்துக்கொண்டு நின்றார்கள். நடுவில் போனைப் பிடித்துக்கொண்டு நின்றவர் இருவருக்கும் ஒரே பதிலைத்தான் சொன்னார். இப்போது வேண்டாம், ஆறட்டும்.

மூன்று வருடம் ஆறியது. பிறகு ஆறுவதற்கு ஆளே இல்லை.

தாயின் முகத்தைப் பார்க்க வந்த அன்று மகள் அவரிடம் ஒன்றே ஒன்று கேட்டாள், அம்மா என்னைப் பற்றி ஏதாவது சொன்னாளா என்று. அன்றைக்காவது சொல்லியிருக்கலாம். அவள் அழுது வீங்கிய முகத்தைப் பார்த்துவிட்டு, ஆறட்டும்மா, அப்புறம் பேசலாம் என்றார். அவள் மறுநாள் காலை பஸ்ஸில் போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை அவர் நூடுல்ஸ் கடைக்குப் போனார். மனைவி செய்ததை இருபத்தாறு வருடம் தின்றாரே தவிர ஒருநாளும் நின்று பார்த்ததில்லை. கடைக்கார அக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். ஒரு காகிதத்தில் எழுதிக்கொள்ளச் சொன்னாள். இறைச்சியை நார் ஓடுகிற பக்கமாக வெட்டாதீர்கள், குறுக்கே வெட்டுங்கள், இல்லாவிட்டால் ரப்பர். வெட்டுவதற்கு முன் அரை மணி நேரம் ஃப்ரீசரில் வையுங்கள், கத்திக்கு அடங்கும். சோயா சாஸ், மிளகுத்தூள், ஒரு ஸ்பூன் சோளமாவு போட்டுப் பிசறி வையுங்கள். நூடுல்ஸை ஒரு நிமிஷம் முன்னதாகவே வடித்துப் பச்சைத் தண்ணீரில் அலசுங்கள். உப்பைத் தொடவே தொடாதீர்கள், சாஸில் இருக்கிறது. எல்லாவற்றையும் வெட்டி, அளந்து, கைக்கு எட்டுகிற தூரத்தில் வைத்த பிறகுதான் அடுப்பைப் பற்றவைக்க வேண்டும்.

அவர் எழுதி முடித்ததும், பற்றவைத்த பிறகு எவ்வளவு நேரம் யோசிக்கலாம் என்று கேட்டார். அக்காவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"பத்த வெச்சதுக்கு அப்புறம் யோசிக்கிறவர் சமைக்கக் கூடாதுங்க. யோசிக்கிறதெல்லாம் முன்னாடி. சூட்டுல கைதான் பேசணும்." பிறகு சிரிப்பு அடங்கி, "உங்க வீட்டுக்காரி சொல்லுவா, இந்த வேலையில ஆறட்டும்ங்கிற பேச்சே கிடையாதுக்கா, எங்க வீட்டுலதான் உண்டுன்னு," என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை கசாப்புக் கடையில் எத்தனை பேருக்கு என்று கேட்டார்கள். மூன்று பேருக்கு என்றார். பாதி வழி வந்த பிறகுதான் தப்பு உறைத்தது. திரும்பிப் போய்க் குறைக்கச் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை.

பன்னிரண்டரைக்கு மகள் வந்தாள். தோளில் ஒரு பை. முடியைக் குட்டையாக வெட்டியிருந்தாள். மெலிந்திருந்தாள். வாசலில் செருப்பைக் கழற்றும்போது, ஓரத்தில் இருந்த தாயின் செருப்பில் அவள் பார்வை ஒரு கணம் நின்று நகர்ந்தது. அவர் அதை இன்னும் எடுக்கவில்லை.

சமையலறை மேடையைப் பார்த்ததும் அவள் அசந்துவிட்டாள். பதினோரு கிண்ணங்கள், படை அணிவகுப்பு மாதிரி. இறைச்சி ஒன்றில், கேரட் குச்சிகள் ஒன்றில், குடமிளகாய் ஒன்றில், முட்டைக்கோஸ் ஒன்றில், வெங்காயத்தாள் ஒன்றில். ஒவ்வொன்றின் பக்கத்திலும் துண்டுக் காகிதத்தில் நம்பர். பாய்லர் அறையில் வால்வுகளுக்கு ஒட்டுகிற அதே நம்பர்.

"நாலாம் நம்பர் வால்வு என்னப்பா?"

"இஞ்சி பூண்டு."

அவள் உதடு கொஞ்சம் கோணியது. சிரிப்பு என்று சொல்ல முடியாது, ஆனால் சிரிப்புக்குத் தூரத்துச் சொந்தம். ஓர் இறைச்சித் துண்டை விரலால் எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாள். குறுக்கே வெட்டியிருக்கிறீர்களே, யார் சொல்லிக்கொடுத்தது என்றாள். கடைக்கார அக்கா என்றார். பிறகு சமையலறைக் கதவு நிலையில் சாய்ந்து கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள். தொழில்காரிக்குக் கை அரித்திருக்கும். ஆனாலும் கட்டின கையை அவள் அவிழ்க்கவில்லை.

அவர் அடுப்பைப் பற்றவைத்தார். வாணலி புகைந்தது. எண்ணெய் விட்டு இறைச்சியைப் போட்டதும் அந்தச் சத்தம் எழுந்தது. பதினோரு மாதமாக வீட்டில் இல்லாத சத்தம். இரண்டு பேருமே அதைக் கேட்டார்கள், இரண்டு பேருமே கேட்காதது போல் இருந்தார்கள். எல்லாவற்றையும் கொட்டிடாதீங்க, பாதி போடுங்க, வாணலி குளிர்ந்துடும் என்று அவள் மட்டும் சொன்னாள். பாதியைக் கிண்ணத்திலேயே விட்டார். இறைச்சி சிவப்பு மாறிப் பழுப்பானதும் எடுத்துத் தட்டில் போட்டார். இஞ்சி பூண்டு. கேரட். குடமிளகாய். கரண்டி தானாக ஓடியது. நெற்றியில் வேர்த்து மூக்கு நுனியில் சொட்டியது. நூடுல்ஸைப் போட்டுப் புரட்டினார். சாஸை ஊற்றினார். இறைச்சி மறுபடி உள்ளே போனது.

அப்போது அவள் பேசினாள். அவரிடம் இல்லை, வாணலியிடம் பேசுவது போல.

"அன்னைக்கும் இதே சத்தம்தான். நான் வாசலைத் தாண்டும்போது கேட்டுக்கிட்டே இருந்தது. பஸ் ஸ்டாண்டுல ரெண்டு பஸ்ஸை விட்டேன்பா. ரெண்டு. அம்மா வருவான்னு. மூணாவது பஸ் வந்தப்பத்தான் புரிஞ்சது, அவளுக்கு இந்த வாணலி கருகிடக் கூடாது, அவ்வளவுதான்னு." கையை நீட்டி வாணலியைக் காட்டினாள். "அதான் இதையே கேட்டு வாங்கிட்டுப் போறேன். என்னைவிட என்ன ஒசத்தி இதுலன்னு பார்க்கணும்."

அவருக்கு வழக்கமான சொல் நாக்கு நுனிக்கு வந்தது. ஆறட்டும். முதலில் சாப்பிடட்டும். சாப்பிட்ட பிறகு, பஸ் ஏறும் முன், அல்லது போனில், அல்லது கடிதத்தில். கரண்டி கையில் நின்றது. அடியில் ஒரு நூடுல்ஸ் கருகும் வாசனை வந்தது. பத்த வெச்சதுக்கு அப்புறம் யோசிக்கிறவர் சமைக்கக் கூடாது.

கரண்டியை மறுபடி ஓட்டிக்கொண்டே, அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"அம்மா அடுப்பை அணைச்சுட்டாம்மா. நீ தெருமுனை திரும்பறதுக்குள்ளயே அணைச்சுட்டா. வாசலுக்கு ஓடி வந்து ஒரு கால்ல செருப்பும் மாட்டிட்டா. நான்தான் ஆறட்டும்னு சொல்லி நிறுத்தினேன். அப்புறமும் ஒவ்வொரு தடவை போனை எடுத்தப்பவும் நான்தான் வாங்கி வெச்சேன். அவ உன்மேல கோபமா இருந்தது அந்த ஒரு நிமிஷம்தான். மீதி மூணு வருஷமும் நான் வெச்சது."

அடுப்பை அணைத்தார். வாணலி மட்டும் இன்னும் முணுமுணுத்துக்கொண்டிருந்தது.

மகள் சாய்ந்திருந்தவள் நிமிர்ந்தாள். பிறகு மிக மெதுவாகக் கேட்டாள். "நான் போன் பண்ணப்பல்லாம் அவ பக்கத்துலயா இருந்தா?"

"பக்கத்துலதான்."

"எவ்வளவு பக்கத்துல?"

அவர் தன் தோளைத் தொட்டுக் காட்டினார்.

அவள் முகம் என்ன ஆனது என்று அவரால் பார்க்க முடியவில்லை. பார்வை கலங்கிவிட்டது. அவள் நேராக வந்து வாணலியின் பிடியில் கையை வைத்தாள், எடுத்துக்கொண்டு போய்விட. பிடி கொதித்தது. வெடுக்கென்று கையை இழுத்தாள். அந்த நேரத்தில், முப்பது வருடப் பழக்கம், பாழும் நாக்கு, அவரை முந்திக்கொண்டு சொன்னது:

"சூடா இருக்கும்மா, ஆறட்..."

பாதியில் நிறுத்தினார். பாதி போதுமாக இருந்தது.

"ஆறட்டும்பா," என்றாள் மகள். குரல் உயரவே இல்லை. "நல்லா ஆறட்டும். நீங்களே வெச்சுக்கோங்க."

பையை எடுத்துத் தோளில் போட்டாள். செருப்பை மாட்டினாள், இரண்டு காலிலும். தெருவில் அவள் நடக்கும் சத்தம் கேட்டது, பிறகு கேட்கவில்லை.

அவர் சமையலறையில் நின்றார். அதே வீடு, அதே மதியம், அதே வாணலி. தோளைத் தொட்டு நிறுத்த ஆள் மட்டும் இல்லை. அவள் இப்போது கொதித்துக்கொண்டிருக்கிறாள், இப்போது போனால் இன்னும் நாலு வார்த்தை கூடும் என்று மூளை சொன்னது. மூளை சொல்வது நியாயம்தான். நாலு வருடத்துக்கு முன்பும் அது நியாயமாகத்தான் சொன்னது.

வேலைக்குக் கொண்டுபோகிற பழைய துண்டு ஒன்று ஆணியில் தொங்கியது. அதை வாணலிக்கு அடியில் சுற்றினார். நூடுல்ஸ் உள்ளே இருந்தபடியே ஒரு தட்டைப் போட்டு மூடி, இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு வெளியே வந்தார். கதவைச் சாத்தவில்லை.

பஸ் நிலையம் பத்து நிமிஷ நடை. அவர் நடந்ததாக யாரும் சொல்லவில்லை. ஐம்பத்தெட்டு வயதில், புகையும் வாணலியை மார்போடு கட்டிக்கொண்டு ஓடுகிற மனிதரைப் பார்த்துத் தெருவே வழி விட்டது. தையல்கடைக்காரர் என்னாச்சு என்று எழுந்து நின்றார். துண்டை மீறிச் சூடு முதலில் விரல்களுக்கு வந்தது, பிறகு உள்ளங்கைக்கு. கீழே வைத்துக் கை மாற்றலாம் என்று ஒரு தடவை தோன்றியது. வைக்கவில்லை.

பஸ் நின்றுகொண்டிருந்தது. இன்ஜின் உறுமிக்கொண்டிருந்தது. ஜன்னலோரம் மகள். முதலில் அவள் பார்த்தது அவர் முகத்தை இல்லை, காலை. கல்லிலும் தாரிலும் ஓடிவந்த வெறும் கால்.

இறங்கி வந்தாள். கண்டக்டர் விசிலை வாயில் வைத்தவர், எடுத்துவிட்டார்.

அவர் வாணலியை நீட்டினார். அவருக்கு இன்னும் மூச்சு இரைத்தது. சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. அவள் துண்டோடு வாங்கினாள்.

"சுடுதுப்பா."

"ஆமா."

அவர் உள்ளங்கைகளை அவள் பார்த்துவிட்டாள். சிவந்து, ஒரு கையில் கொப்புளம் கிளம்பியிருந்தது. மன்னித்துவிட்டேன் என்று அவள் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. கேட்கிற மாதிரியான காரியமா அது. பஸ் படியில் ஒரு காலை வைத்தவள், திரும்பாமலே கேட்டாள்.

"அம்மா எந்தக் கால்ல செருப்பு போட்டா?"

"வலது."

அவள் தலையை ஆட்டினாள். தாயின் கடைசிச் சேதி அவ்வளவுதான் என்பது போல, அதைப் பத்திரமாக வாங்கிக்கொண்டவள் போல. பிறகு ஏறிப் போய் உட்கார்ந்தாள், வாணலியை மடியில் வைத்துக்கொண்டு.

பஸ் நகர்ந்தது. அவள் கை அசைக்கவில்லை. ஆனால் மூடியிருந்த தட்டை எடுத்திருக்க வேண்டும். ஜன்னல் கண்ணாடியில் உள்பக்கமாக ஆவி படர்ந்தது. படர்ந்த ஆவியில் அவள் முகம் மறைந்தது. பஸ் வளைவில் திரும்பும் வரை அவர் அந்த வெள்ளைக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

எதிரே நூடுல்ஸ் கடையிலிருந்து அக்கா இறங்கி வந்து, கையைத் தண்ணீரில் வையுங்கள் என்று இழுத்துக்கொண்டு போனாள். குழாயின் கீழே கையைப் பிடித்தபடி அவர் கேட்டார், இங்கிருந்து பார்த்தால் எங்கள் தெருமுனை தெரியுமா என்று. நன்றாகத் தெரியும் என்றாள் அக்கா. அன்றைக்கு இரண்டு பஸ்ஸை விட்ட மகள் நின்ற இடமும் இதற்கு நேர் எதிரேதான். அவள் கண்ணும் அந்த முனையில்தான் இருந்திருக்கும். பத்து நிமிஷம். செருப்பை முழுசாக மாட்ட விட்டிருந்தால் தாய் இங்கே வந்து சேர்ந்திருப்பாள். அவள்தான் எதையும் பத்து நிமிஷத்தில் முடிக்கிறவளாயிற்றே.

வீடு திறந்தபடியே கிடந்தது. மேடையில் நம்பர் போட்ட காலிக் கிண்ணங்கள். முதல் கிண்ணத்தில் மட்டும், மூன்று பேருக்கு என்று வாங்கியதில் பாதி, பிசறியபடி அப்படியே இருந்தது. நாருக்குக் குறுக்கே, மெல்லிசாக, ஒழுங்காக வெட்டிய இறைச்சி. அவர் அடுப்பைத் தொட்டுப் பார்த்தார். இன்னும் சூடு இருந்தது. வைப்பதற்கு வாணலி இல்லை. அந்தக் கிண்ணத்தை மூடி எடுத்துக்கொண்டு, இந்தத் தடவை செருப்பை மாட்டிக்கொண்டு, கடைக்கார அக்காவிடம் கொடுத்துவிட்டு வரலாம் என்று மறுபடி தெருவில் இறங்கினார்.